பள்ளித் தோட்டமும் தமிழ்ச் சொல்லும்

 

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்தின் வாழ்வில் சிறிய காலம் அன்று. நட்டு வைத்த தென்னம்பிள்ளை பாளை விட்டுக் காய்த்துச் சில ஆண்டுகள் கடந்திருக்கும் காலம் அது. இத்தகைய விழாவில் கவிதையைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ பேசாமல் பள்ளித் தோட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று அவையோர் சிலர் ஐயுறக்கூடும். சிறுவர் செடி வளர்ப்பது அறிவியல் ஆசிரியரின் வேலை என்றும், மிஞ்சிப் போனால் சத்துணவு அமைப்பாளரின் வேலை என்றும் கருதுவோர் பலர். அது தமிழாசிரியரின் வேலையும் கவிஞரின் வேலையும் ஆகும் என்பதே இவ்வுரையின் கருத்து. தமிழில் தாவரத்தைக் குறிக்கும் சொற்கள் ஏட்டில் பிறந்தவை அல்ல. கையும் கண்ணும் மண்ணில் பழகியபோது பிறந்தவை. அவை மீண்டும் உயிர்பெற வேண்டுமானால் அதே பழக்கம் சிறுவர்க்கு வாய்க்க வேண்டும்.

மணலில் புதைத்த காழ்

சிறுவர் செடி வளர்த்த செய்தி சங்க இலக்கியத்திலேயே உள்ளது. நற்றிணையின் 172-ஆம் பாட்டு நெய்தல் திணையைச் சார்ந்தது. தலைவியும் தோழியரும் சிறுமியராக விளையாடிய நாளில் ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்தி வைத்தனர். பின் அதனை மறந்தும் போயினர். மறந்த விதை முளைத்தது. முளைத்ததைக் கண்டபின் நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்தனர். அன்னை அம்மரத்தின் நலத்தைப் பாராட்டி, அது அவர்களைவிடச் சிறந்தது என்றும், அவர்கள் உடன்பிறந்தவள் முறை ஆகும் என்றும் கூறினாள். இப்போது தலைவன் அப்புன்னையின் நிழலில் வந்து நிற்கிறான். உடன்பிறந்தவள் எதிரில் காதலனோடு நகைத்துப் பேச நாணமாக இருக்கிறது என்று தோழி மறுமொழி கூறுகிறாள்.

இப்பாட்டை வரைவு கடாதல் என்னும் துறைக்கு எடுத்துக்காட்டாகவே வகுப்பறைகளில் கற்பிப்பது வழக்கம். அது சரியே. ஆயினும் இதனுள் ஒரு கல்விச் செய்தியும் உண்டு. விதை இடுவது விளையாட்டு. மறப்பது குழந்தை இயல்பு. முளையைக் கண்டு வியப்பது அறிவின் தொடக்கம். நாள்தோறும் பேணுவது ஒழுக்கம். பேணியதை உறவாக உணர்வது பண்பாடு. நல்லதொரு பள்ளித் தோட்டம் ஒரு குழந்தைக்கு வழங்கக்கூடிய அனைத்தும் இவ்வைந்தினுள் அடங்கும். அன்னை கூறிய உறவுச்சொல் அவளது கற்பனை மட்டும் அன்று. அவள் பேசிய மொழியின் இயல்பே அது.

பிள்ளையும் கன்றும் போத்தும்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துக் கூறுகிறது. விலங்கிற்கும் பறவைக்கும் வழங்கும் அப்பெயர்களுள் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் நான்கும் ஓரறிவு உயிராகிய தாவரத்திற்கும் பொருந்தும் என்பது அந்நூலார் கொள்கை. நெல்லையும் புல்லையும் மட்டும் அவ்வாறு அழைப்பதில்லை என்று விலக்கும் கூறுகிறார். இவ்விதி எழுதப்பட்டு நெடுங்காலம் ஆன பின்னும் தென்னம்பிள்ளை, மாங்கன்று, வாழைக்கன்று என்றே உழவர் கூறுகின்றனர். முருங்கையின் கிளையை வெட்டி நடும்போது அதனைப் போத்து என்கின்றனர். நெல்லுக்கு நாற்று என்று கூறுவரேயன்றிக் கன்று என்று கூறார். இலக்கணம் கல்லாத உழவரின் நாவில் மரபியல் நூற்பா பிழையின்றி நிற்கிறது.

தேவநேயப் பாவாணர் தம் சொல்லாய்வுக் கட்டுரையில் இவ்வளத்தை முறைப்படுத்திக் காட்டினார். பனைக்கு வடலி, விளாவிற்குக் குட்டி, கத்தரிக்கு நாற்று என இளம்பயிர் வகை விரிகிறது. அடிப்பகுதியைக் குறிக்கும்போது நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டை, கரும்பிற்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கு அடி. இலையிலும் அவ்வாறே: வேம்பிற்கு இலை, நெல்லுக்குத் தாள், சோளத்திற்குத் தோகை, பனைக்கு ஓலை, காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு. பிஞ்சு வகையில் மாவிற்கு வடு, பலாவிற்கு மூசு, தென்னைக்குக் குரும்பை, வாழைக்குக் கச்சல். புளியின் வித்து காழ், வேம்பின் வித்து முத்து, மாவின் வித்து கொட்டை.

தமிழ்நாட்டில் 2019-இல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இக்கட்டுரை இடம்பெற்றது. அது போற்றத்தக்க செயல். ஆனால் மாணவர் அதனை எவ்வாறு படிக்கின்றனர்? ‘பொருத்துக’ என்னும் வினாவிற்கு விடையாகவும், ஒரு மதிப்பெண் வினாவிற்கு விடையாகவும் படிக்கின்றனர். குரும்பையையும் மூசையும் கண்டிராத மாணவர் ‘குரும்பை – தென்னை, மூசு – பலா’ என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெறுகிறார். தேர்வு முடிந்த வாரத்தில் இரண்டையும் மறக்கிறார். அதில் அவர் குற்றம் ஏதும் இல்லை. சோளத்தின் தோகை விளிம்பு தோலைக் கீறியவர்க்கு அதனை இலை என்று அழைக்கத் தோன்றாது. கீறல் படாதவர்க்கு அது மற்றொரு சொல் மட்டுமே.

புறத்திணைப் பெயர்களையும் எண்ணிப் பார்க்கலாம். வெட்சி, வஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை, வாகை என ஆறும் தாவரப் பெயர்கள். மழை பெய்த சில வாரங்களில் பள்ளி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் தும்பை தானே முளைத்து வெண்பூப் பூக்கிறது. பகைவர் இருவரும் தும்பை சூடிப் பொருவது தும்பைத் திணை என்று வகுப்பில் ஒப்புவித்த மாணவர், இடைவேளையில் அத்தும்பையை மிதித்துக்கொண்டு ஓடுகிறார். காட்டுவார் இல்லை.

குறிஞ்சிப்பாட்டு ஒரு பாடநூல்

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளைக் கொண்டது. அதில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தவே அப்பாட்டு இயற்றப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. இச்செய்தியின் வரலாற்று உண்மை எதுவாயினும், அதனுள் பொதிந்த கருத்து சிந்திக்கத்தக்கது. தமிழ் அறியாத ஒருவர்க்குத் தமிழ் கற்பிக்கப் புகுந்த புலவர், மலர்களைத் தொகுக்கும் சிறுமியரைக் காட்டுகிறார். மலர்களின் பெயரை விடுத்துத் தமிழைக் கற்பிக்க இயலாது என்று அம்மரபு கருதியது போலும்.

அம்மலர்களுள் பலவற்றை இன்று உறுதியாக அடையாளம் காண இயலவில்லை. மோந்தால் குழையும் மென்மைக்கு உவமையாக நின்ற அனிச்சம் எது என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. அங்கே சொல் எஞ்சியது, செடி தொலைந்தது. இன்று நிகழ்வது அதன் மறுதலை. செடி வேலியோரத்தில் நிற்கிறது. அதன் பெயர் தொலைகிறது. முன்னதை மீட்பது அரிது. பின்னதை மீட்க ஒரு பாத்தியும் ஒரு தமிழாசிரியரும் போதும்.

எழுத்தில் ஒளிந்த தோட்டம்

பள்ளியையும் தோட்டத்தையும் இணைக்கும் எண்ணம் மேலைநாட்டிலும் வலுவாக எழுந்ததுண்டு. செருமனி நாட்டுக் கல்வியாளர் பிரடெரிக் புரோபெல் 1840-இல் தாம் நடத்திய சிறுவர் கல்வி நிலையத்திற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். அது வெறும் உருவகப் பெயர் அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் உரிய சிறு பாத்தியும், அனைவர்க்கும் பொதுவான பாத்தியும் அவர் வகுத்த அமைப்பில் இடம்பெற்றன. தன் பாத்தியில் தன் பொறுப்பையும் பொதுப் பாத்தியில் பிறரோடு ஒத்துழைப்பதையும் குழந்தை கற்கும் என்பது அவர் நோக்கம். தமிழகத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வழங்கும் சுருக்கப் பெயர்களில் இறுதியில் நிற்கும் எழுத்து அத்தோட்டத்தையே குறிக்கிறது. சிமெண்டுத் தளமிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பிய எத்தனையோ பள்ளிகளில் தோட்டம் அந்த ஓர் எழுத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். செடியைப் பேணும் குழந்தை முன்னறிவையும் காத்திருத்தலையும் கற்கிறது என்பது அவர் நூலில் வலியுறுத்திய கருத்து. 1937-இல் வார்தா மாநாட்டில் உருப்பெற்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியே பிற பாடங்களைக் கற்பிக்க முனைந்தது. அண்மையில், 2019-இல், மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மதிய உணவிற்குக் கீரையும் காயும் கிடைப்பது பெரும்பயன். ஆயினும் இத்திட்டங்களில் எண்ணும் அளவும் உண்டு, ஊட்டமும் உண்டு. மொழிக்கு உரிய இடம் போதிய அளவில் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர் தமிழாசிரியரே.

ஓராண்டுப் பாத்தி

அதனை எவ்வாறு நிரப்புவது? கல்வியாண்டு சூன் திங்களில் தொடங்குகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் காலம் அடுத்து வருகிறது. பள்ளி நாட்காட்டியும் உழவர் நாட்காட்டியும் இவ்வளவு இசைந்து நிற்பது ஒரு நற்பேறு.

முதலில் இரண்டு விதைகள் போதும்: தட்டைப்பயறும் சோளமும். சில நாட்களில் தட்டைப்பயறு வளைந்த கழுத்தோடு மண்ணைப் பிளந்து, இரண்டு பருப்புகளையும் தலையில் சுமந்துகொண்டு மேலே வரும். சோளம் ஊசிபோல ஒற்றை முளையாக நீளும். அறிவியல் ஆசிரியர் இருவித்திலை, ஒருவித்திலை என்று கற்பிக்கும் அதே நாளில் தமிழாசிரியர் முளை, குருத்து, தளிர், தோகை என்னும் சொற்களைத் தொட்டுக் காட்டலாம். வெளிப்புறம் வன்மை உடையது புல், உட்புறம் வன்மை உடையது மரம் என்பது மரபியலின் பகுப்பு. வெட்டிக் கிடக்கும் மூங்கில் துண்டையும் பனைத் துண்டையும் முற்றிய வேம்பின் துண்டையும் மாணவர் கையில் கொடுத்துக் குறுக்கு வெட்டை அழுத்திப் பார்க்கச் சொன்னால், பனை ஏன் புல்லினம் ஆயிற்று என்பது விரல் நுனியில் விளங்கிவிடும். பனையும் மூங்கிலும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் இன்றைய அறிவியலோடு அப்பகுப்பு அணுகி நிற்பதையும் மாணவரே கண்டு கூறுவர்.

ஆடியில் ஊன்றிய பூசணி காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது பூக்கும். முதலில் வருவன ஆண்பூக்கள். அவை காய்க்காமல் உதிர்வதைக் கண்டு குழந்தைகள் கலங்குவர். பின்னர்ப் பெண்பூ வரும். அதன் அடியில் பூ விரியும் முன்பே சின்னஞ்சிறு காய் ஒன்று இருக்கும். பூம்பிஞ்சு என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை எந்த அகராதியிலும் இல்லை. தேனீ வந்து சென்ற பூவின் பிஞ்சு பருப்பதும், வாராத பூவின் பிஞ்சு வெம்பி வீழ்வதும் அடுத்த பாடம். அப்போது சூம்பல், வெம்பல், அழுகல் என்னும் சொற்கள் தாமே தேவைப்படும். தேவைப்படும்போது வந்த சொல் மறவாது.

பொழுதைக் கற்பிப்பது இன்னும் சுவையானது. பூசணிப்பூ விடியலில் விரியும். பீர்க்கம்பூ மாலையில் விரியும். சுரையின் வெண்பூ இரவிற்காகக் காத்திருக்கும். அந்திமந்தாரை மாலை நான்கு மணி அளவில், பள்ளி விடும் நேரத்தில், விரியத் தொடங்கும். பந்தற்காலில் ஒரு முல்லைக் கொடியும் இருந்தால் பாடம் நிறைவுறும். முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை என்று மாணவர் பலமுறை எழுதியிருப்பர். அம்முல்லை மாலையில் அவிழ்வதைக் கண்ணெதிரே கண்டு, அதன் மணம் பரவுவதை உணர்ந்த நாளில்தான் பொழுதும் பூவும் உரிப்பொருளும் ஒன்றையொன்று பற்றி நிற்பது புலனாகும். கணவன் வருகையை எதிர்நோக்கி இருக்கும் தலைவிக்கு அம்மணம் ஏன் ஆற்றாமை தந்தது என்பதை உரையாசிரியர் துணையின்றியே உணர்வர். மலரும் பருவத்து மொட்டைப் போது என்கிறது தமிழ். பொழுதையும் போது என்கிறது. மாலைக் கொடியின் கீழ் நின்றவர்க்கு இவ்விரு பொருளும் அயலாகத் தோன்றா.

எல்லாத் திணையும் ஒரு பள்ளி வளாகத்துள் அடங்கா என்பது உண்மையே. நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சரிவுகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006-லும் 2018-லும் பூத்தது. ஒரு மாணவர் முதல் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலத்திற்குள் ஒரு முறையே பூக்கும் செடி அது. அதனைச் சமவெளிப் பள்ளியில் வளர்க்க இயலாது. அதற்காகக் காத்திருக்கும் மனத்தை வளர்க்க இயலும்.

தடைகள்

தோட்டம் என்ற உடனே இடம் இல்லை, நீர் இல்லை என்னும் விடைகள் எழுகின்றன. இடமில்லாப் பள்ளியில் மண் நிரப்பிய சாக்கும் ஓட்டையிட்ட எண்ணெய்த் தகரமும் பாத்தி ஆகும். நீர் குறைந்த ஊரில் முருங்கையும் ஆவாரையும் கற்றாழையும் நிற்கும். கோடை விடுமுறையில் செடிகள் வாடும் என்பது மெய்யான இடர். பங்குனிக்குள் விதை எடுத்து முடிக்கும் பயிர்களைத் தேர்ந்து, மரங்களுக்கு மட்டும் அண்டை வீட்டார் உதவியைப் பெறுவது ஒரு வழி. விதையைக் காய வைத்துச் சாம்பல் கலந்து அடுத்த ஆண்டு மாணவர்க்குக் கையளிப்பதும் கல்வியே.

இவற்றினும் பெரிய தடைகள் மூன்று உண்டு. தாமதமாக வந்த மாணவரைக் களை பறிக்க அனுப்புவது முதலாவது. தோட்ட வேலை தண்டனை ஆகிவிட்டால் அம்மாணவர் வாழ்நாள் முழுதும் மண்ணை வெறுப்பார். இரண்டாவது, வேலையைப் பகிர்வதில் உள்ள வேற்றுமை. கூட்டுவதும் நீர் ஊற்றுவதும் பெண் பிள்ளைகளுக்கு என்றும், மண் சுமப்பதும் சாணம் அள்ளுவதும் இன்ன தெருப் பிள்ளைகளுக்கு என்றும் ஒரு பள்ளி பிரிக்குமானால், அங்கே வளர்வது சாதியே அன்றிச் செடி அன்று. எல்லாக் கையிலும் மண் ஒட்ட வேண்டும். அந்த முறை வரிசை சுவரில் எழுதப்பட வேண்டும். இது நிறைவேறாத இடத்தில் தோட்டம் இல்லாதிருப்பதே மேல். மூன்றாவது, காட்சிக்காக நடும் வழக்கம். ஆண்டுதோறும் விழா நாளில் அதே குழியில் புதுக்கன்று நடுவதைக் கண்டு வளரும் குழந்தை, சொல்லுக்கும் செயலுக்கும் தொடர்பில்லை என்னும் பாடத்தையே கற்கும். எந்தத் தமிழ்ப் பாடமும் அதனை அழிக்க இயலாது.

கவிஞர்க்கும் வட்டத்திற்கும்

இக்காலக் கவிதையில் ‘பெயர் தெரியாத பூ’வும் ‘ஏதோ ஒரு மர’மும் மிகுதியாக இடம்பெறுகின்றன. அறிந்தே பெயரை மறைப்பது கவிஞரின் உரிமை. அதில் அழகும் உண்டு. அறியாமையால் மறைவது வேறு. அது மொழியின் வறுமை. அவ்வறுமை கவிஞரிடம் தொடங்கவில்லை, அவர் படித்த பள்ளியில் தொடங்கியது. நாளை இவ்வட்டத்தின் மேடையில் கவிதை படிக்க இருப்போர் இன்று ஏதோ ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குச் சொல் கிடைக்குமா என்பது இன்றே முடிவாகிறது.

இலக்கிய வட்டம் செய்யக்கூடியன சில உண்டு, பெரும்பொருள் வேண்டாதவை. உறுப்பினர் இருவர் ஒரு பள்ளி என்ற அளவில் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, திங்கள்தோறும் ஒரு மணிநேரம் பாத்தியின் அருகே தமிழ் வகுப்பு நடத்தலாம். அந்த ஊரின் முதிய உழவரையும் கீரை விற்கும் மூதாட்டியையும் அவ்வகுப்பிற்கு ஆசிரியராக அழைக்கலாம். அவர்கள் அறிந்த சொற்கள் பல்கலைக்கழகம் அறியாதவை. கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் சொற்களைத் தொகுத்து வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். அதுபோல ஒவ்வொரு பள்ளியும் தன் தோட்டத்தில் வழங்கும் சொற்களை மாணவர் கையெழுத்தில் ஒரு குறிப்பேடாகத் தொகுக்கலாம். சொல், அதனைக் கூறியவர் ஊர், செடியின் படம், பார்த்த நாள் என நான்கு குறிப்புகள் போதும். அடுத்த பத்தாண்டு நிறைவில் வெளியிடும் மலரில் அக்குறிப்பேடுகளிலிருந்து ஒரு பகுதி இடம்பெறுமானால், இவ்வட்டத்தின் கவிதைத் தொகுதிகளுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததாகாது.

நற்றிணைச் சிறுமியர் புன்னையை வளர்த்தபோது எவரும் அவர்களுக்கு மதிப்பெண் இடவில்லை. அன்னை அருகிருந்து ஓர் உறவுச்சொல் கூறினாள், அவ்வளவே. அச்சொல்லை உரிய நேரத்தில், செடியின் அருகே நின்று கூறுவது தமிழ் கற்றோரின் கடமை. வரும் ஆடிக்குள் இவ்வட்டத்தின் சார்பில் ஒரு பள்ளியிலேனும் ஒரு பாத்தி அமைந்தால் இவ்விழா பயன் பெற்றதாகும்.